போர்த்துகீசியப் பேச்சின் தாளம்: மாறியது லிஸ்பனிலா, பிரேசிலிலா?

அசைமணி:

லிஸ்பன்காரர் ஒருவரும் சாவ் பாவுலோகாரர் ஒருவரும் ஒரே பத்தியை வாசித்தால் எழுத்து ஒன்று, ஓசை இரண்டு. பிரேசில்தான் மொழியைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் நிலைப்பாடு அதற்கு நேர் எதிர். தாளம் மாறியது போர்ச்சுகலில், அதுவும் 18ஆம் நூற்றாண்டில். பிரேசிலுக்குக் கப்பலேறிப் போனது பழைய தாளம். அது அங்கே இன்றும் கேட்கிறது.

முதல் சான்று, போர்த்துகீசியக் கவிஞர் கமோயிஷ் எழுதி 1572இல் அச்சான காப்பியம். அதன் முதல் பாட்டில் மூன்றாம் அடி: "போர் மாரெஸ் நுங்கா தியாந்தெஸ் நாவெகாதோஸ்". முன்பு எவரும் கலம் செலுத்தாத கடல்களின் வழியே என்று பொருள். கடைசி அழுத்த அசைவரை எண்ணுவது அவர்கள் யாப்பு முறை. போர், மா, ரெஸ், நுங், கா, தியாந், தெஸ், நா, வெ, கா: பத்து. இன்றைய லிஸ்பனில் இயல்பாகப் பேசும்போது "மாரெஸ்" என்பது "மார்ஷ்" ஆகிறது, "ஆந்தெஸ்" என்பது "ஆந்த்ஷ்" ஆகிறது, "நாவெகாதோஸ்" என்பது "நவ்காதுஷ்" ஆகிறது. மூன்று அசை போய் ஏழுதான் மிச்சம். பிரேசில்காரர் வாயில் பத்தும் நிற்கின்றன.

இரண்டாவது, ஸ்பெயினின் வடமேற்கில் பேசும் கலீசிய மொழி. போர்த்துகீசியத்தோடு ஒரே வயிற்றில் பிறந்தது. அதிலும் அழுத்தத்துக்கு முன்னால் வரும் எ, ஒ கெடாமல் இருக்கின்றன. கலீசியாவிலும் பிரேசிலிலும் இருப்பது லிஸ்பனில் மட்டும் இல்லையென்றால், மாறியது யார்?

மூன்றாவது, 1536இல் முதல் போர்த்துகீசிய இலக்கணத்தை எழுதிய ஃபெர்னாவ் தி ஒலிவைரா. தம் மக்கள் நிதானமாக, அமைதியாகப் பேசுபவர்கள் என்கிறார். உயிரொலிகளை விழுங்கிப் பேசும் இன்றைய லிஸ்பன் பேச்சைக் கேட்டு யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

நெடில்குறில்:

மூன்றில் ஒன்றும் தாளத்துக்குச் சான்று இல்லை.

யாப்பு மரபு பேச்சைவிட மெதுவாக மாறும். பிரெஞ்சுச் செய்யுளில் சொல்லின் கடைசி எகரத்தை, அடுத்து மெய் வந்தால், இன்றும் ஓர் அசையாக எண்ணுகிறார்கள். பாரிஸ் தெருவில் அந்த ஒலி எப்போதோ போய்விட்டது. கமோயிஷ் பத்து அசை எண்ணினார் என்பதால் அவர் காலத்து மாலுமி பத்தையும் உச்சரித்தான் என்று ஆகிவிடாது. கமோயிஷ் காலக் கவிதையிலேயே "எஸ்பெரான்சா" என்பதை "எஸ்ப்ரான்சா" என்று சுருக்கி எழுதும் உரிமை இருந்தது. பேச்சில் எங்குமே இல்லாத சுருக்கத்தைக் கவிஞர்கள் கற்பனையில் உண்டாக்கியிருக்க மாட்டார்கள்.

ஒலிவைரா சொன்னது தம் இனத்தாரின் குணத்தைப் பற்றிய பெருமைப் பேச்சு. அதில் அளவு எதுவும் இல்லை.

கலீசியம் காட்டுவது உயிரொலியின் தரத்தை. எகரம் எகரமாகவே ஒலித்தது என்பது ஒரு செய்தி. அது எத்தனை மில்லிவினாடி ஒலித்தது என்பது வேறு செய்தி. தாளம் என்பது இரண்டாவதைச் சேர்ந்தது. முதலில் தாளம் என்றால் எதை அளக்கிறோம் என்று முடிவு செய்துகொண்டு பேசுவோம்.

அசைமணி:

அளவு கேட்கிறீர்கள், அளவே தருகிறேன். மொழியியலாளர் பைக் 1945இல் பிரித்ததும், அபெர்க்ராம்பி 1967இல் உலக மொழிகளுக்கெல்லாம் விரித்ததும் தெரிந்ததுதான்: அசைக்கு அசை சம இடைவெளி விடும் மொழிகள் ஒருபுறம், அழுத்தத்துக்கு அழுத்தம் சம இடைவெளி விடும் மொழிகள் மறுபுறம். ஐரோப்பியப் போர்த்துகீசியம் இரண்டாவதின் பக்கம், பிரேசில் முதலாவதின் பக்கம். 2001இல் சோனியா ஃப்ரோட்டாவும் மரீனா விகாரியுவும் அளந்து பார்த்தபோதும் இரண்டும் பிரிந்தே நின்றன.

நெடில்குறில்:

பிரிந்து நின்றது உண்மை. ஆனால் இரண்டுமே ஒரு வகைக்குள் சுத்தமாக அடங்கவில்லை, இரண்டும் கலப்பு என்பதுதான் அந்தக் கட்டுரையின் முடிவு. அதை விட்டுவிடுகிறீர்கள். சம இடைவெளி என்பதைக் கருவி வைத்துத் தேடியவர்கள் எந்த மொழியிலும் கண்டதில்லை. அதனால்தான் டாவர் 1983இல் கேள்வியையே மாற்றினார்: அசை அமைப்பு எவ்வளவு சிக்கலானது, அழுத்தமில்லாத உயிர் எவ்வளவு குறுகுகிறது, இவற்றின் கூட்டு விளைவைத்தான் காது தாளம் என்கிறது. 1999இல் ராமுஸ் குழு உயிரொலி நேர விழுக்காட்டையும் மெய்த்தொடர் நீளத்தின் சிதறலையும் எண்ணாக்கியது. 2002இல் கிரேபும் லோவும் அடுத்தடுத்த உயிர்களின் வேறுபாட்டுக் குறியீட்டைக் கொண்டுவந்தார்கள்.

இந்தக் கடைசிக் குறியீட்டை நம்பி முடிவுகட்டும் முன் ஒன்று பாருங்கள். அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு 57.2, தமிழுக்கு 55.8, ஸ்பானியத்துக்கு 29.7. தமிழும் ஆங்கிலமும் ஒரே தாளமா? தமிழில் அந்த எண்ணை ஏற்றுவது குறில் நெடில் வேறுபாடு. ஆங்கிலத்தில் ஏற்றுவது அழுத்தமில்லாத உயிரின் சிதைவு. காரணம் வேறு, எண் ஒன்று. போதாக்குறைக்கு மொழிக்கு ஒரே ஒருவரைத்தான் அளந்திருக்கிறார்கள்.

இனி போர்த்துகீசியத்தில் வரும் சிக்கல். கணக்கு இப்படி: அடுத்தடுத்த இரண்டு உயிர்களின் நீள வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகு. எல்லா இணைகளுக்கும் செய்து சராசரி எடு. 100ஆல் பெருக்கு. ஒரு தொடரில் உயிர்கள் 120, 40, 110, 45, 120 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். விடை 92. பேசுபவர் இன்னும் ஒரு படி போய் அந்த 40ஐயும் 45ஐயும் முழுசாக விழுங்கிவிடுகிறார். மிஞ்சுவது 120, 110, 120. விடை 8.7. உயிரைச் சுருக்கியவர் உச்சியில், அதையே முழுக்க விழுங்கியவர் அடிமட்டத்தில். லிஸ்பன் பேச்சு செய்வது இந்த விழுங்கலைத்தான். உயிர்களை மட்டும் அளந்தால் கருவி தலைகீழாகச் சொல்லும்.

அசைமணி:

அப்படியானால் மெய்த்தொடரை அளக்கலாம். உயிர் போனால் இரண்டு பக்க மெய்களும் ஒட்டிக்கொள்ளும். "தெலெஃபோனெ" லிஸ்பனில் "த்ல்ஃபோன்". மூன்று மெய் ஒரே கற்றை. "மெனினோ" அங்கே "ம்னீனு", "பெக்கேனோ" அங்கே "ப்கேனு". பிரேசிலில் இவை "தெலெஃபோனி", "மெனீனு", "பெக்கேனு". மெய்க்கற்றையின் சராசரி நீளமும் சிதறலும் லிஸ்பனில் கூடும், உயிரொலி விழுக்காடு குறையும். இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் முரண் காணாமல் போகிறது.

நெடில்குறில்:

சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் ஒழுங்காக அளந்தால்தான். ஒலியை அளக்கும் பிராட் மென்பொருளில் இதைச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

உயிரின் எல்லையை இரண்டாம் ஃபார்மன்ட் (வாயறையின் ஒத்ததிர்வால் ஒலிப்படத்தில் தெரியும் பட்டை) தெளிவாகத் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வையுங்கள். ஒலி அலையின் உயரத்தை மட்டும் பார்த்து வைத்தால் ல, ர, ன பக்கத்தில் ஏமாந்துவிடுவீர்கள். இடைநிறுத்தங்களை வெட்டுங்கள். நிறுத்தத்துக்கு முன்னால் வரும் கடைசி அசையையும் தள்ளுங்கள். எந்த மொழியிலும் அது நீளும், அது தாளக் கணக்கைச் சேராது. வாசிப்பையும் உரையாடலையும் ஒரே குவியலில் போடாதீர்கள்.

பெரிய தலைவலி குரலில்லாத உயிர். "பார்தெஸ்" என்ற சொல்லில் தகரத்துக்கும் ஷகரத்துக்கும் நடுவில் பல நேரம் குரல் அதிர்வே இருக்காது, வெறும் காற்று இரைச்சல் 20, 30 மில்லிவினாடி. அதை உயிர் என்று குறிப்பதா, மெய்யின் வால் என்று விடுவதா? ஒரே கோப்பை இருவரிடம் கொடுத்தால் இரண்டு விடை வரும். எனவே விதியை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்: குரல் அதிர்வு குறைந்தது இரண்டு சுற்றாவது தெரிந்தால் உயிர், இல்லையேல் மெய். இந்த விதி சரியா என்பதில் சண்டை போடலாம். விதி இல்லாமல் அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

வல்லெழுத்து:

ரெண்டு பேரும் லிஸ்பனையே சுத்திச் சுத்தி வர்றீங்க. அசைமணி சார் சொல்ற "பிரேசில் அப்படியே வெச்சிருக்கு"ங்கறதுதான் எனக்கு ஒத்துக்கவே முடியல.

பிரேசில் என்னென்ன பண்ணியிருக்குன்னு பாருங்க. "அட்வொகாதோ" அங்க "அஜிவொகாது", ஒரு அசை புதுசா முளைச்சிருக்கு. "ரிட்மோ" அங்க "ஹிச்சிமு". டயருக்கான "ப்னெவ்" அங்க "பினெவ்". சொல் கடைசி லகரம் வகரம் மாதிரி ஆகி "பிராசிவ்". வினைச்சொல் கடைசி ரகரம் விழுந்து "ஃபலார்" "ஃபலா" ஆயிடுச்சு. எல்லாம் ஒரே திசையிலதான் போகுது: மெய்யில முடியற அசையைக் குறை, மெய்க்கூட்டத்தை உடை, உயிர்ல முடி. 16ஆம் நூற்றாண்டுக் கப்பல்ல இந்தப் பேச்சு ஏறியிருக்கவே முடியாது. லிஸ்பன் ஒரு பக்கம் போச்சு, பிரேசில் எதிர்ப்பக்கம் போச்சு. நடுவுல இருந்தது ரெண்டுமே இல்ல.

இன்னொண்ணு. பிரேசில்ல உயிரே விழறதில்லன்னு நினைக்கறதும் தப்பு. அழுத்தத்துக்கு *முன்னாடி* விழாது. *பின்னாடி* நல்லாவே விழும். மரத்துக்கான "ஆர்வொரெ" பேச்சுவழக்குல "ஆர்வ்ரி", பூசணிக்கான "அபோபொரா" "அபோப்ரா", தீக்குச்சிக்கான "ஃபோஸ்ஃபொரோ" "ஃபோஸ்ஃப்ரு". மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்துப் பக்கம் போனா கடைசி உயிர் இன்னும் தாராளமா விழும். அழுத்தத்துக்கு முன்னாடி பலம், பின்னாடி பலவீனம்ங்கற இந்த ஏற்றத்தாழ்வுதான் பிரேசில் தாளத்தோட அடையாளம். அதைச் "சம அசை"ன்னு ஒரே வார்த்தையில மூடிடக் கூடாது.

காரணம் கேட்டா, சாவ் பாவுலோ வட்டாரத்துல 18ஆம் நூற்றாண்டு வரைக்கும் பழங்குடியினரோட தூப்பி மொழி அடிப்படையிலான பொதுமொழி ஓடிச்சு. போர்த்துகீசியத்தையே பேசணும்னு சொன்ன 1757 ஆணையை அடுத்த வருஷம் பிரேசில் முழுக்க நீட்டித்தான் போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் அதை ஒடுக்கினார். கிம்புந்து மாதிரி ஆப்பிரிக்க பாந்து மொழி பேசற மக்களை லட்சக்கணக்குல அடிமையாக் கொண்டுபோனாங்க. அந்த மொழிகள்ல அசை பெரும்பாலும் உயிர்லதான் முடியும். அவங்க வாய்வழியா வந்த போர்த்துகீசியத்துல மெய்க்கூட்டம் உடையறது இயல்பு.

அசைமணி:

அடிமொழித் தாக்கம் (பேசுபவர்களின் முந்தைய மொழியின் தாக்கம்) என்பதை மெய்க்கூட்ட உடைப்புக்கு ஏற்கலாம். அழுத்தத்துக்கு முந்தைய உயிர் கெடாமல் இருப்பதற்கு அது தேவையில்லை. கலீசியாவில் கிம்புந்துவும் இல்லை, தூப்பியும் இல்லை, உயிர் நிற்கிறது. தாளத்தின் முதுகெலும்பு அழுத்தத்துக்கு முந்தைய பகுதி. அதை பிரேசில் காத்தது, லிஸ்பன் இழந்தது. என் வாதம் அங்கேதான் நிற்கிறது.

யாழ்வாசி:

இதுக்கு எங்கட பக்கமே ஒரு சாட்சி இருக்கு எண்டு நினைக்கிறன். போர்த்துகீசர் 1658 வரைக்கும் இலங்கையில இருந்தவை. அவையள் விட்டிட்டுப் போன சொல்லுகள் எங்கட வாயில இருக்கு. "ஷாவெ" எங்களுக்குச் சாவி. "பாத்ரெ" பாதிரி. "மெஸ்த்ரெ" மேஸ்திரி. மூண்டிலும் கடைசி எகரம் இகரமாய் வந்திருக்கு. இண்டைக்குப் பிரேசில்ல அந்த இடத்தில இகரந்தான் கேக்குது, லிஸ்பன்ல ஒண்டுமே கேக்கிறதில்லை. "சப்பாத்து", "கதிரை" எண்டதிலயும் அழுத்தத்துக்கு முந்தின உயிர் முழுசாய் இருக்கு. 16, 17ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசம் பிரேசில் மாதிரித்தான் ஒலிச்சது எண்டு இதைக்கொண்டு சொல்லலாமோ?

நெடில்குறில்:

நல்ல சான்று, ஆனால் பாதிதான் தேறும். தமிழ்ச்சொல் குறில் எகரத்தில் முடியாது. போர்த்துகீசியர் "ஷாவெ" என்று தெளிவாக எகரத்தோடு சொல்லியிருந்தாலும் தமிழ் வாய் அதை இகரமாகவோ ஐகாரமாகவோதான் ஆக்கியிருக்கும். அகரத்தில் முடிந்த "மேசா" மேசை ஆனதும் "கதைரா" கதிரை ஆனதும் அப்படித்தான். "சபாதோ" சப்பாத்து ஆனதில் கடைசி உகரம் நம் குற்றியலுகரம். வல்லினத்தில் முடிந்த எந்த வேற்றுச்சொல்லுக்கும் அதை ஒட்டவைப்போம். எனவே சொல்லின் கடைசியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. "பாதிரி", "மேஸ்திரி" இரண்டும் நேரடியாக வந்தனவா, கடற்கரையின் வேறு மொழி வழியாக வந்தனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் அசை உயிரைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது கொஞ்சம் நிற்கும். ஆனால் அங்கே இருப்பது அகரம். அகரத்தை லிஸ்பன் இன்றும் முழுசாக விழுங்குவதில்லை. எகரம் உள்ள சொல்லாகத் தேடினால்தான் பயன்.

ஏட்டுச்சுவடி:

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் "மாற்றம்" என்பதை ஒற்றை நிகழ்ச்சியாக வைத்துப் பேசுகிறீர்கள். ஏடுகள் அப்படிச் சொல்லவில்லை.

ஒலிவைரா 1536லேயே அ, எ, ஒ மூன்றுக்கும் பெரியது, சிறியது என்று இரண்டிரண்டு ஒலி சொல்கிறார். இ, உ சேர்த்து எட்டு உயிர். அதாவது அழுத்தமில்லாத அகரம் மங்கியது மிகப் பழையது. 1746இல் போர்த்துகீசிய அறிஞர் வெர்னேய் சொல்லிறுதி ஒகரம் உகரமாக ஒலிப்பதைப் பதிவு செய்கிறார். பிரேசிலிலும் இன்று அப்படித்தான் என்பதைக் கவனியுங்கள். ஆகவே அது இரு கரைக்கும் பொதுவான மாற்றம், தனித்தாளத்தின் தொடக்கம் இல்லை. எகரம் வாயின் நடுவுக்கு இழுபட்டு மங்கியது எல்லாவற்றுக்கும் கடைசி. மொழி வரலாற்றாசிரியர் பால் தெய்சியே அதை 18ஆம் நூற்றாண்டு இறுதி, 19இன் தொடக்கம் என்று வைக்கிறார். 1883இல் கொன்சால்வெஸ் வியானா லிஸ்பன் ஒலிகளை விவரிக்கும்போது அந்த மங்கல் எகரம் நிலைபெற்றுவிட்டது, விழவும் செய்கிறது.

ஆக அகரம், பிறகு ஒகரம், கடைசியாக எகரம். நீங்கள் கேட்கும் மெய்க்கற்றை எல்லாம் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியின் விளைவு. 1750இல் ஒருவர் லிஸ்பனில் பேசியதைக் கேட்க முடிந்தால், உகரம் நிறைய, எகரமோ இகரமோ இன்னும் நிற்கும், கற்றைகள் குறைவு. அதை இன்றைய எந்தக் கரையோடும் சேர்க்க முடியாது.

தாளம் மாறியதற்கு மறைமுகச் சான்று ஒன்று தொடரியலில் உண்டு. "அவர் எனக்குச் சொன்னார்" என்பதற்கு 16, 17ஆம் நூற்றாண்டு உரைநடை பெரும்பாலும் "எலெ மெ திஸ்ஸெ" என்று "மெ" (எனக்கு) போன்ற சிறுசொல்லை வினைக்கு முன் வைக்கிறது. பிரேசில் இன்றும் அப்படியே. இன்றைய போர்ச்சுகல் "எலெ திஸ்ஸெ-மெ". காம்பினாஸ் பல்கலைக்கழகத்தின் டீக்கோ பிராஹெ தொகுப்பை வைத்து ஷார்லொட் கால்வெஸ் குழு எண்ணியபோது, 1700ஐ ஒட்டிப் பிறந்தவர்களின் எழுத்திலிருந்து இந்தப் பின்வைப்பு ஏறத் தொடங்குவது தெரிந்தது. உயிர் மங்கியதால் "மெ" தனித்து முன்னால் நிற்க வலுவிழந்து வினையின் பின்னால் ஒட்டிக்கொண்டது என்பது விளக்கம். பிரேசில் சிறுசொல்லை முன்வைப்பது பிழையில்லை, அங்கே அதன் உச்சரிப்பு வேறு என்று 1908லேயே பிரேசில் இலக்கணகாரர் சயித் அலி வாதிட்டிருக்கிறார்.

நெடில்குறில்:

உங்கள் தேதிகளே உங்களுக்கு எதிராக இருக்கின்றன. பின்வைப்பு 1700ஐ ஒட்டிப் பிறந்தவர்களிடம் ஏறுகிறது. எகரம் மங்கியது 1800ஐ ஒட்டி என்கிறீர்கள். "மெ"யில் இருப்பது எகரம். விளைவு காரணத்துக்கு இரண்டு தலைமுறைக்கும் மேலே முந்தி வருமா? மறையுரையாளர் அந்தோனியு வியைரா 1608இல் பிறந்தவர். அவருடைய கடிதங்களில் முன்வைப்பு மிகுதி, மறையுரைகளில் பின்வைப்பு மிகுதி. ஒரே வாய், இரண்டு கணக்கு. இது நடைத் தேர்வு, தாளம் இல்லை.

ஏட்டுச்சுவடி:

வியைராவின் மறையுரைகள் எதிரெதிர்க் கருத்தை நிறுத்தி அழுத்தம் கொடுப்பவை, அங்கே பின்வைப்புக்கு இலக்கணக் காரணம் இருந்தது என்று கால்வெஸ் குழுவே விளக்குகிறது. அதனால்தான் ஓர் ஆசிரியரை விட்டுப் பல தலைமுறையை எண்ண வேண்டியிருக்கிறது. தேதி பற்றிய கேள்வி கடினமானது. இலக்கணகாரர் ஒரு ஒலியைப் பதிவு செய்வது அது பரவி நெடுங்காலம் ஆன பிறகுதான் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் நேரம் குறைகிறது, பிறகு தரம் மங்குகிறது, கடைசியில் ஒலி விழுகிறது. நேரம் குறைந்ததை 1750இல் எழுதிவைக்க யாரிடமும் வழி இல்லை.

வல்லெழுத்து:

எழுத்தை மட்டும் வெச்சே தாளத்தைப் பிரிக்கற முறை ஒண்ணு இருக்கே, 2012ல அந்தோனியு கால்வெஸும் கூட்டாளிகளும் பண்ணது. அசை ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண். சொல் நடுவுல அழுத்தமில்லாதது 0, அழுத்தமுள்ளது 1, சொல் தொடக்கத்துல அழுத்தமில்லாதது 2, அழுத்தமுள்ளது 3, வாக்கிய முடிவு 4. "பழைய வீடு நேற்று விழுந்தது"ன்னு அர்த்தம் வர "அ காசா வேல்யா கையூ ஓந்தெம்" இப்படி ஆகும்: 2 1 0 3 0 2 1 3 0 4. முதல் "அ" சிறுசொல், அடுத்த சொல்லோட ஒட்டி எண்ணணும். அதை மறந்தா மொத்த வரிசையும் பிசகிடும். அப்புறம் எந்த எண்ணுக்கு அப்புறம் எது வரும்னு ஒரு மரம் போட்டாங்க. பிரேசில் நாளிதழும் போர்ச்சுகல் நாளிதழும் வேற வேற மரம் கொடுத்துச்சு.

நெடில்குறில்:

அந்த முறையில் உச்சரிப்பு எங்கே இருக்கிறது? "மெனினோ" இரு நாட்டிலும் 2 1 0தான். லிஸ்பனில் முதல் அசை விழுவது வரிசையில் தெரியாது. அந்த மரங்கள் பிரிப்பது சொல் தேர்வையும் சொல்வரிசையையும். தாளத்துக்கு ஏற்பச் சொற்களைத் தேர்கிறார்கள் என்று நம்பினால்தான் அது தாளம். அந்த நம்பிக்கைக்குத்தான் சான்று கேட்கிறேன்.

அசைமணி:

அப்படியானால் பழைய காலத்தை விட்டு, ஒலிப்பதிவு உள்ள காலத்தில் மாற்றம் தொடர்கிறதா என்று பார்ப்போம். போர்ச்சுகலில் 1970களின் தொடக்கத்தில் எடுத்த அடிப்படைப் போர்த்துகீசியத் திட்டப் பதிவுகள் இருக்கின்றன. அதே பத்தாண்டில் பிரேசிலில் ரெசிஃபி, சால்வதோர், ரியோ, சாவ் பாவுலோ, போர்த்து அலெக்ரி என்று ஐந்து நகரப் படித்தவர் பேச்சுத் தொகுப்பு தொடங்கியது. இரண்டிலும் 30 வயதுக்காரரையும் 60 வயதுக்காரரையும் எடுத்து, அழுத்தத்துக்கு முந்தைய எகரங்களில் 100க்கு எத்தனை விழுகின்றன என்று எண்ணலாம். லிஸ்பனில் இளையவரிடம் கூடி, பிரேசிலில் இரு வயதிலும் ஒரே அளவாக இருந்தால் என் பக்கம் வலுக்கும்.

நெடில்குறில்:

எண்ணலாம். ஆனால் மூன்று நிபந்தனை. வினாடிக்கு எத்தனை அசை என்ற வேகத்தை ஒவ்வொரு பேச்சுத்துண்டுக்கும் குறித்து, ஒரே வேகமுள்ள துண்டுகளை மட்டும் ஒப்பிட வேண்டும். இளையவர் வேகமாகப் பேசினாலே உயிர் விழும், அதற்குத் தாள மாற்றம் வேண்டியதில்லை. அந்த வேகத்தை எழுத்தில் உள்ள அசையை வைத்து எண்ண வேண்டும். வாயில் வந்ததை எண்ணினால் விழுங்கியவர் மெதுவாகப் பேசுபவராகத் தெரிவார். மூன்றாவது, ப, த, க, ஸ போன்ற குரலில்லா மெய்களுக்கு நடுவில் நிற்கும் எகரத்தைத் தனி வரிசையில் போடுங்கள். அங்கே விழுவது மிக எளிது. இரண்டு நாட்டுச் சொற்பட்டியலிலும் அந்த இடங்கள் ஒரே விகிதத்தில் இருக்காது.

ஏட்டுச்சுவடி:

நான்காவதாக ஒன்று சேருங்கள். "எஸ்" என்று தொடங்கும் சொற்களை எண்ணிக்கையிலிருந்து நீக்க வேண்டும். "எஸ்த்தார்", "எஸ்கோலா" போன்றவற்றில் லிஸ்பனில் முதல் உயிர் வயது வேறுபாடின்றி விழும். இவை பேச்சில் மிக அடிக்கடி வருபவை. விட்டுவைத்தால் 60 வயதுக்காரர் கணக்கும் ஏறிவிடும், தலைமுறை வேறுபாடு அதற்குள் மூழ்கிப்போகும்.